ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன், பொழுதும் போகவில்லை, வீட்டில் சுமுகமும் இல்லை. என்ன செய்யலாம்?

கேரேஜ்காரன் (பழைய வண்ணாரப்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கிற பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராகச் சேர்ந்து, போன வருடக் கடைசியில் 60 முடிந்து வெளியே வந்தேன். 2004-க்கு முன்னால் சேர்ந்தவன் என்பதால் பழைய பென்ஷன் வருகிறது, ரயில்வே ஆஸ்பத்திரி கார்டு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறை இல்லை. காசு பற்றியும் ஒரு கேள்வி உண்டு, அதைக் கடைசியில் எழுதுகிறேன். பெரிய கவலை வேறு.

விடியற்காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. முன்பு குளித்துவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினால், கேரேஜ் ஒர்க்ஸ் ஸ்டேஷனில் இறங்கும்வரை பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும், சாயங்காலம் திரும்பும்போதும் அதே ஆட்கள். இப்போது பால் வாங்கி, பேப்பர் படித்து, டீ குடித்து முடித்தால் மணி ஏழரைதான் ஆகிறது. அதற்கு மேல் ராத்திரி வரை என்ன செய்வது என்று தெரியவில்லை. பகலில் கண்ணயர்ந்துவிடுகிறேன், ராத்திரி தூக்கம் வருவதில்லை.

எங்கள் வீடு சின்னது. முன் அறை, உள் அறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். முன் அறையில் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கிறார். பல வருடமாக ரவிக்கை தைக்கிறார், புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறார், எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. வேலைக்குப் போன காலத்தில் பகலில் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே கிடையாது. இப்போது நான் உட்காருவதும் அங்கேதான், டி.வி. இருப்பதும் அங்கேதான். அளவு கொடுக்க வருகிற பெண்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு "அப்புறமா வரேன்க்கா" என்று போய்விடுகிறார்கள். மனைவி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "நீங்க ட்யூட்டிக்குப் போய்க்கினு இருந்தப்பவே நல்லா இருந்திச்சு." அதிலிருந்து மனசே சரியில்லை. நைட் ஷிப்ட், ஓவர்டைம் என்று ஓடியதெல்லாம் இந்த வீட்டுக்காகத்தானே.

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் செக்யூரிட்டி வேலை இருக்கிறது, வா என்று கூப்பிடுகிறார். இன்னொரு பக்கம் மகன் மேடவாக்கத்தில் ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறான், கம்யூடேஷன் பணமும் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கியது) கிராஜுவிட்டியும் பேங்கில் சும்மாதானே கிடக்கிறது, முன்பணம் கட்டக் கொடுங்கள் என்கிறான். மகள் காலேஜ் கடைசி வருடம், அவள் கல்யாணம் இன்னும் இருக்கிறது.

வேலைக்குப் போவதா, வீட்டில் இருந்து பழகிக்கொள்வதா, பணத்தை என்ன செய்வது? இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்.


ஹார்பர் பென்ஷனர் (ராயபுரம்)

தம்பி, நான் உங்களுக்கு மூத்தவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். ஷிப்ட் பார்த்த உடம்பு சீக்கிரம் வழிக்கு வராது, அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஐந்து மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்துவிடுங்கள், அது நல்லதுதான். மத்தியானத் தூக்கத்தைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அரை மணி நேரம் அலாரம் வைத்துப் படுங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். ராத்திரி தூக்கம் தானாக வரும், ஆனால் சில வாரம் பிடிக்கும்.

காலையில் நடக்க நம் பக்கத்தில் ராபின்சன் பார்க் இருக்கிறது. 1949-இல் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டுகிற மழையில் நடந்த இடம் அது, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர், நாங்கள் இன்னும் ராபின்சன் பார்க் என்றுதான் சொல்கிறோம். விடிந்ததும் அங்கே போனால் ஹார்பர், ரயில்வே, மின்வாரியம், மாநகராட்சி என்று எல்லா டிபார்ட்மெண்டிலும் ரிட்டயர் ஆனவர்கள் இருப்பார்கள். முதல் வாரம் யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள். நீங்கள் பாட்டுக்கு தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். பிறகு ஒருநாள் வராவிட்டால் "எங்கே நேத்து ஆளைக் காணோம்" என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். வேலையில் இருந்தவரை மஸ்டர் ரோலில் பெயர் இருந்தது, வராவிட்டால் ஒருவர் கவனிப்பார். இப்போது கவனிக்க ஆள் இல்லை, அதுதான் உங்களைக் குடைகிறது என்று நான் நினைக்கிறேன்.

வீட்டு வேலையில் ஒன்றை முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று போய் நின்றால் அவர்களுக்குத் தொந்தரவுதான். என் வீட்டில் மீன் என் பொறுப்பு. விடியற்காலையில் காசிமேடு போய் ஏலம் கூறுவதை நின்று பார்த்து, பங்கு பிரித்து விற்கிறவர்களிடம் சங்கராவோ கிழங்கானோ வாங்கி, வீட்டுக்கு வந்து ஆய்ந்து மஞ்சள் போட்டு அலசிக் கொடுத்துவிடுவேன். கடைசிவரை என் கை வேலை, நடுவில் வீட்டம்மாவைக் கூப்பிடமாட்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, அப்போது விலை எகிறும், அந்த இரண்டு மாதம் காய்கறி.

அப்புறம் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போங்கள். பேசிக்கொண்டிருப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம்மோடு வேலை பார்த்து இறந்துபோனவர்களின் வீட்டுப் பெண்கள் குடும்ப பென்ஷனுக்காக ஆபீஸுக்கும் பேங்குக்கும் அலைகிறார்கள். பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் உத்தரவில், பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, இனிஷியல் இருக்காது, பிறந்த தேதி தப்பாக இருக்கும். இதைத் திருத்த மனு எழுதிக் கொடுக்க, கூடப் போக ஆள் இல்லாமல் எத்தனை பேர் தவிக்கிறார்கள் தெரியுமா. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும், கையில் நேரம் இருக்கிறது. முதலில் உங்கள் சொந்த பி.பி.ஓ.வை எடுத்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பென்ஷன் வருகிற கணக்கு இரண்டு பேர் பெயரிலும் ஜாயிண்டாக இருக்கட்டும். நம் காலத்துக்குப் பிறகு அவர்கள் அலையக்கூடாது.

எங்கள் நைனா வேலை பார்த்த மில்லை ஒருநாள் திடீரென்று மூடிவிட்டார்கள், அவருக்குத் தயாராக நேரமே கிடைக்கவில்லை, அதோடு வீட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இவ்வளவு எழுதுகிறேன்.


கல்மண்டபம் அக்கா

அண்ணா, உங்க வீட்டு அண்ணி பக்கம் நின்று நான் கொஞ்சம் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆனவர்தான்.

ரவிக்கை அளவு கொடுக்க வருகிற பெண், ஆண் உட்கார்ந்திருக்கிற அறையில் எப்படி அளவு கொடுப்பாள்? "அப்புறமா வரேன்க்கா" என்று போகிறவள் அடுத்த தெருவில் வேறு தையல்காரியைப் பார்த்துக்கொள்வாள். நீங்கள் டி.வி. பார்க்கிற நேரத்தில் அண்ணிக்கு வருகிற வருமானம் வாசலோடு திரும்பிப் போகிறது. காசு மட்டும் இல்லை. வருகிறவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து மாமியார் கதை, பிள்ளை கதை எல்லாம் பேசிவிட்டுப் போவார்கள், நீங்கள் ரயிலில் நாலு பேரோடு பேசிக்கொண்டு போனது மாதிரிதான் அவர்களுக்கு அது. உங்களுக்கு அது போய்விட்டது, சரி. அவர்களுடையதும் சேர்ந்து போக வேண்டுமா?

அவர் சொன்ன வார்த்தை உங்களுக்கு வலித்திருக்கும், எனக்குப் புரிகிறது. நீங்கள் உழைத்ததை அவர் மறந்து பேசவில்லை அண்ணா. அந்த அறை பகலில் அவருடைய ஒர்க்‌ஷாப், அங்கே வேறு ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார், அதைச் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

டி.வி.யை உள் அறைக்கு மாற்றுங்கள், ஒரு எலக்ட்ரீஷியன் வந்தால் ஒரு மணி நேர வேலை. காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை முன் அறை அவருடையது என்று நீங்களே முடிவு செய்து அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, பகல் சாப்பாடு. இதை ஆண்கள் யோசித்தே பார்த்திருக்கமாட்டீர்கள். நீங்கள் வேலைக்குப் போனபோது காலையில் டப்பா கட்டிக் கொடுத்ததோடு அடுப்பு வேலை முடிந்தது. மத்தியானம் பசித்தால் பழைய சாதத்தில் மோரை ஊற்றி ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்திருப்பார். இப்போது ஒரு மணிக்குச் சூடாகச் சாதம், குழம்பு, பொரியல், நாலு மணிக்கு டீ, கூடவே கடிக்க ஏதாவது, ராத்திரிக்குத் திரும்பவும் டிபன். நீங்கள் கேட்காவிட்டாலும் புருஷன் வீட்டில் இருக்கிறாரே என்று செய்வார், செய்யாவிட்டால் பார்க்கிறவர்கள் பேசுவார்களே. என் வீட்டில் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் ட்யூட்டிக்குக் கொண்டுபோன அதே டப்பாவில் காலையிலேயே சாதமும் பொரியலும் கட்டி வைத்துவிடுவேன். பசிக்கிற நேரத்தில் அவரே எடுத்துச் சாப்பிட்டு, அவரே கழுவி வைப்பார். சாயங்கால டீ அவர் போடுவது, எனக்கும் சேர்த்து. இந்த ஒரு ஏற்பாட்டிலேயே வீட்டில் பாதி சத்தம் அடங்கிவிட்டது.

நீங்கள் ஃபிட்டர் என்கிறீர்கள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் மாற்றுவது, மோட்டார் பொருத்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியாததா? லைனிங் துணி, ஹூக்கு, கலருக்குப் பொருத்தமான நூல் வாங்க வெயிலில் அவர் அலையாமல் நீங்கள் போய் வாங்கி வரலாம், ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள், கடையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அவரைக் கேட்காமல் எதையும் எடுத்து அடுக்காதீர்கள். பெட்டி எது, பை எது என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும்.


சேமிப்பு கவுண்டர் (தண்டையார்பேட்டை)

பணம் பற்றி மட்டும் எழுதுகிறேன். தபால் ஆபீஸ் சேமிப்புப் பிரிவில் உட்கார்ந்து ரிட்டயர் ஆகி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கம்யூடேஷன் பணம் "சும்மா கிடக்கிறது" என்று உங்கள் மகன் நினைப்பது சரியில்லை. அது உங்கள் பென்ஷனை நீங்களே முன்கூட்டி வாங்கிக்கொண்டது. அடிப்படை பென்ஷன் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிகபட்சமாக 40 சதவீதம், அதாவது மாதம் 12,000 விட்டுக்கொடுக்கலாம். 60 முடிந்து வெளியே வருகிறவருக்கு அந்த 12,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கி, 8.194-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் கையில் வரும். அதற்குப் பதிலாக 15 வருடம் மாதாமாதம் 12,000 குறையும், உங்களுக்கு 75 வயது ஆகும்போதுதான் முழு பென்ஷன் திரும்பும். அகவிலைப்படி மட்டும் குறைக்காத முழு அடிப்படை பென்ஷனுக்கே போடுவார்கள், அது ஒரு ஆறுதல். ஆக, அந்தப் பணத்தை அப்படியே மகன் ஃப்ளாட்டுக்குக் கொடுத்தால் 15 வருடம் மாதம் 12,000 உங்கள் சாப்பாட்டிலிருந்து மேடவாக்கத்துக்குப் போகிறது என்று அர்த்தம். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைக்குச் செய்யத்தான் எல்லோரும் சம்பாதிக்கிறோம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மகன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் பேசுங்கள்.

மனைவியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். 60,000 சம்பளம் வாங்கியவருக்கு பென்ஷன் 30,000, மனைவிக்கு வருவது 18,000. அந்தக் குறைகிற தொகையை ஈடுகட்டத்தான் கையில் உள்ள மொத்தப் பணம்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தபால் ஆபீஸிலும் பேங்கிலும் இருக்கிறது. ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கில் வந்து விழும். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டிக்கு 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 20,500. நீங்கள் போடுகிற நாளில் என்ன வட்டியோ அது ஐந்து வருடமும் மாறாது. மனைவியை ஜாயிண்டாகச் சேர்க்கலாம், அவருக்கு 60 ஆகியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு வருடம் கழித்து நடுவில் உடைத்தால் அசலில் ஒன்றரை சதவீதம், இரண்டு வருடம் கழித்து என்றால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், அதனால் மகள் கல்யாணத்துக்கு வேண்டியதைத் தனியாக வைத்துவிட்டு மீதியை இதில் போடுங்கள்.

பேங்கில் போடுகிறதாக இருந்தால் ஒரு பேங்கில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு, இது பலருக்குத் தெரிவதில்லை. மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி தருகிறேன் என்று தெரிந்தவர் மூலமாக யாராவது வருவார்கள், ரிட்டயர் ஆன வாசனை அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும், வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.


எண்ணூர்வாசி

மேலே எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வட சென்னையில் ரிட்டயர் ஆகிறவர்களில் பழைய பென்ஷன் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? மணலியிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தனியார் கம்பெனியில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எங்களுக்கு 58-இல் முடிந்துவிடும். பி.எஃப். பென்ஷன் கணக்கு எப்படி என்றால், பென்ஷனுக்கு உரிய சம்பளத்தை வேலை பார்த்த வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள், அந்தச் சம்பளத்துக்கு பெரும்பாலானவர்களுக்கு 15,000 என்று உச்சவரம்பு. அகவிலைப்படி கிடையாது. இன்று என்ன வருகிறதோ அதுதான் பத்து வருடம் கழித்தும் வரும். குறைந்தபட்சம் 1,000 என்று 2014-இல் நிர்ணயித்தார்கள், அந்த 1,000 வாங்குகிறவர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் பார்க்குக்குப் போ, சங்கத்துக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் செக்யூரிட்டி வேலைக்குப் போகத்தான் வேண்டும், நானும் போனேன்.

அந்த வேலை எப்படி என்று சொல்கிறேன், நண்பர் கூப்பிடுகிறார் என்பதால் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி. மாற்று ஆள் வராவிட்டால் இருபத்துநாலு மணி நேரம், நீங்கள் கேட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது. கண்டெய்னர் யார்டு என்றால் ராத்திரியில்தான் வண்டி அதிகம், ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து போய் சீல் நம்பர் பார்த்து, டிரைவரிடம் பேப்பர் வாங்கி, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். தூசும் டீசல் புகையும் எப்போதும் இருக்கும். சைக்கிளிலோ டூவீலரிலோ விடிவதற்கு முன்னால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையாக நிற்கிற ட்ரெய்லர்களுக்கு இடையில் வீடு திரும்புவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பயமான விஷயம்.

உங்களுக்கு அந்தச் சம்பளம் அவசியம் இல்லை. ஷிப்டிலிருந்து இப்போதுதான் உடம்பு வெளியே வந்திருக்கிறது, திரும்ப நைட் ட்யூட்டியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். போயே ஆக வேண்டும் என்று தோன்றினால் பகல் ட்யூட்டி மட்டும், வாரம் ஒருநாள் லீவு, மாற்று ஆள் யார் என்பது, இந்த மூன்றையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். அதைவிட, உங்கள் கைத்தொழிலுக்கு ஆள் கிடைக்காமல் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகள் தவிக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்து வருகிற பையன்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிவதில்லை. அரை நாள் போய்ச் சொல்லிக்கொடுத்தால் மரியாதையும் உண்டு, செலவுக்கும் கொஞ்சம் வரும்.


வியாசர்பாடி பொண்ணு

பெரியவர்களுக்கு வணக்கம். நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. கேரம் ஆடுவதென்றால் உயிர், கிளப்பில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் போவதில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது, விடியற்காலையில் எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். "இனிமே நான் இருந்து என்ன" என்று ஒருநாள் சொன்னார். அம்மா "ரிட்டயர் ஆனா எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார். அப்படித்தானா?


கல்மண்டபம் அக்கா

அப்படி இல்லைம்மா. பொழுது போகாமல் அலுத்துக்கொள்வது வேறு, பிடித்த விளையாட்டே வேண்டாம் என்று சோறும் குறைந்து "நான் இருந்து என்ன" என்று பேசுவது வேறு. இதைச் சும்மா விடக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். மனநலம் என்ற பேரைக் கேட்டதும் வரமாட்டார், தூக்கம் வரவில்லை, அதற்குக் காட்டுவோம் என்று கூப்பிடு, அதுவும் உண்மைதானே. சர்க்கரை, தைராய்டு, ரத்தம் குறைவது இதெல்லாம்கூட ஆளைச் சோர்ந்து போகச் செய்யும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

இன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416-க்குப் போன் போடு, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். அப்பா அந்த மாதிரி வார்த்தையைத் திரும்பச் சொன்னால் "அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்று வாயை அடைக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போகிற எண்ணம் வருகிறதாப்பா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அவரைத் தனியாக விடாதீர்கள்.


ஹார்பர் பென்ஷனர் (ராயபுரம்)

அக்கா சொன்னதுதான் சரி, பாப்பா. நாளை, நாளைமறுநாள் என்று தள்ளாதே. ஆஸ்பத்திரிக்குக் கூடவர ஆண்துணை வேண்டும் என்றால் இங்கேயே எழுது, நான் வருகிறேன். ராயபுரத்திலிருந்து ஸ்டான்லி எனக்கு நடக்கிற தூரம்தான்.


வியாசர்பாடி பொண்ணு

ரொம்ப நன்றி தாத்தா, நன்றி அக்கா. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். அண்ணனும் நானும் காலையில் கூட்டிப்போகிறோம்.


கேரேஜ்காரன் (பழைய வண்ணாரப்பேட்டை)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பாப்பா, அப்பாவைப் பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் இங்கே எழுதும்மா.

கல்மண்டபம் அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பழைய சோறு விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். டி.வி. உள் அறைக்குப் போய்விட்டது. அவர் வேறு ஒன்றும் கேட்டார், யாரும் இங்கே எழுதாதது: முன் அறையில் ஜன்னல் பக்கம் குறுக்கே ஒரு கம்பி அடித்துத் திரை போட்டுக் கொடுங்கள், அளவு எடுக்க மறைவாக இருக்கும், ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். கேரேஜில் எத்தனை பெட்டிகளுக்கு எத்தனை கம்பி பொருத்தியிருப்பேன், இது எனக்கு ஒரு வேலையா. ஸ்டீல் பைப், இரண்டு பக்கமும் ஃபிளாஞ்ச், வளையத்தோடு திரை, நகர்த்தினால் சத்தமே வராது. ட்ரயல் பார்க்க ஒரு கண்ணாடியும் மாட்டிக் கொடுத்தேன்.

மணலி வேலை வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். மகனிடம் கணக்கை எழுதிக் காட்டினேன், முகம் சுருங்கியது, உண்மையைச் சொன்னால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கிராஜுவிட்டியிலிருந்து ஒரு பகுதி தருகிறேன், கம்யூடேஷன் பணத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் சரியாகப் பேசவில்லை, அவன் அம்மா பேசிப் பார்க்கிறேன் என்கிறார். பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த வருடம் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை, ஹார்பர் அண்ணன் சொல்லாவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன், மனு கொடுக்கப் போகிறேன்.

ஒரு சின்ன சந்தேகம், 60 ஆனவர்களுக்கு பஸ்ஸில் இலவச டோக்கன் தருகிறார்கள் என்கிறார்களே, பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் உண்டா? உயிரோடு இருக்கிறோம் என்று காட்டுகிற லைஃப் சர்டிபிகேட் எப்போது கொடுக்க வேண்டும்?


ஹார்பர் பென்ஷனர் (ராயபுரம்)

உண்டு தம்பி. சென்னையில் குடியிருந்து 60 முடிந்திருந்தால் போதும், பென்ஷன் வாங்குகிறாயா என்று கேட்பதில்லை. மாதம் 10 டோக்கன், ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள், ஏ.சி. பஸ்ஸில் செல்லாது. ரேஷன் கார்டு, வயதுக்கு ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு பக்கத்து டெப்போவில் கேளுங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் கூட்டமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

லைஃப் சர்டிபிகேட் நவம்பரில். பேங்குக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம், போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்துவிடலாம், இல்லையென்றால் போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார், அதற்குக் கொஞ்சம் கட்டணம் உண்டு. முதல் தடவை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மனைவியின் பிறந்த வருடத் திருத்த மனுவை அதற்கு முன்னாலேயே கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.